சிலிர்ப்பு விலை

திருமூர்த்தி என்ற மனிதருக்கு உடம்பில் மயிர் சிலிர்ப்பதே இல்லை, அதுதான் அவருடைய பிழைப்பு என்று ரோஸ்லின் போனில் சொன்னபோது கனிஷ்காவுக்குச் சிரிப்பு வந்தது.

“சும்மா பில்டப் குடுக்காதடி. மனுசன்னா எதுக்காச்சும் சிலிர்க்கும்.”

“இந்த மனுசனுக்குச் சிலிர்க்காது. முப்பத்திரண்டு வருசம் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கற சீட்ல ஒக்காந்து ரிட்டயர் ஆனவரு. அவரு மேசைக்கு முன்னால நின்னு அழுவாத ஆளே கெடையாது. ஒருத்தன் கையில பாம்போட வந்து நின்னானாம். ‘பாம்ப வெளிய வெச்சுட்டு வரிசைல வாங்க’ன்னாராம். சென்னை கீபோர்டு குரூப்பு அவர நாள் கூலிக்குப் புடிச்சிருக்குது. உனக்குப் பத்தாவது ஆளா அவரத்தான் அனுப்பறாங்க.”

கனிஷ்காவின் சிரிப்பு நின்றது. ஒன்பது பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் சைபர்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவளுடைய கவலை வேறு மாதிரி இருந்தது. கோவை கணபதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து, சிந்தசைசருக்கான ஒலிகளைச் செய்து விற்பவள் அவள். ஒரு தொகுப்பில் முப்பது நாற்பது ஒலிகள் இருக்கும். வாங்குபவர் அவற்றைத் தன் கீபோர்டில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ பக்திப் பாட்டுக்கோ வாசித்துக்கொள்ளலாம். ஒலி செய்வது அவளுக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. விலை போடுவதுதான் சிரமம். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதா, எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதா? குறைத்துப் போட்டால் மட்டமான சரக்கு என்று நினைப்பார்கள். கூட்டிப் போட்டால் ஒருவன் வாங்கி ஒன்பது பேருக்குக் கொடுப்பான். தீபாவளித் தள்ளுபடி அறிவித்தால், முந்தின வாரம் முழு விலைக்கு வாங்கியவர்கள் திட்டிக் கடிதம் எழுதுவார்கள். “சிஸ்டர், நான் ஸ்டூடண்ட், பாத்துப் போட்டுக் குடுங்க” என்று நாற்பத்தைந்து வயது ஆள் எழுதுவான்.

அப்போதுதான் தொனிச்சந்தை வந்தது. அங்கே விலைப்பட்டியலே கிடையாது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு கொடுப்பார்கள். ஒலியைக் கேட்கும்போது உடம்பில் எவ்வளவு மயிர் எழுகிறது என்று அது பார்க்கும். ஏசிக் குளிர், மிளகாய்க் காரம், காய்ச்சல் எல்லாவற்றையும் கழித்துவிடும். மிச்சம் நிற்பது சுத்தமான சிலிர்ப்பு. அதற்குத் தக்க விலை. பிடித்தவர் பிடித்த அளவுக்குக் கொடுக்கட்டும், இதைவிட நியாயம் வேறு உண்டா என்று எல்லோரும் கை தட்டினார்கள். கனிஷ்காவும் தட்டினாள்.

அந்த நியாயத்தின் மறுபக்கம் மெல்லத்தான் தெரிந்தது. திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கும் ஒரு பெண், கனிஷ்காவின் ஒலி ஒன்றைக் கேட்டு அழுதேவிட்டாள். அவளுக்குப் பதினோராயிரம் ரூபாய் விலை வந்தது. நாளெல்லாம் ஒலி கேட்டு அலுத்துப்போன ஒரு ஸ்டூடியோக்காரர் அதையே எட்டு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் எழுதினாள்: “அக்கா, இப்ப நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே கேக்கறேன். எரநூறுக்கு எறங்கிருச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல வாங்கிடுவேன்.” சொன்னபடியே இரண்டு வாரத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கினாள். அதன் பிறகு அவள் எதையும் வாங்கவில்லை.

விற்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ரோஸ்லின் ஒண்டிப்புதூரில் இருந்துகொண்டு பேய் ஒலிகள் செய்தாள். கதவு கிறீச்சிடும், பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவார்கள். நல்ல ஓட்டம்.

“நான் சொல்றதக் கேளு,” என்றாள் இப்போது. “உன்ற சத்தத்துக்கு அடியில என்ற பேய்ல ஒரு சொட்டு கலந்துடு. காதுல உழுவாது. முதுகுத்தண்டுல மட்டும் உழும்.”

“வேண்டாம்.”

“ஏண்டி? கௌரவமா? பத்தாவது ஆளுக்கும் சைபர்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

தெரியும். தொடர்ந்து பத்து பேர் சிலிர்க்காமல் கேட்டு முடித்தால் அந்தத் தொகுப்புக்கு விலையே இல்லை என்று சந்தை முடிவு கட்டிவிடும். பொதுச் சரக்கு என்று முத்திரை விழும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எதிலும் போட்டுக்கொள்ளலாம், செய்தவர் பெயர்கூடத் தேவையில்லை. சென்னைக் குரூப் அதற்குத்தான் கல்லுக் காதுகளாகத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டிருந்தது.

அவர்கள் குறி வைத்திருந்த தொகுப்பின் பெயர் “நின்ற பிறகு”. கனிஷ்காவின் மூன்று வருட உழைப்பு. இயந்திரங்கள் நிற்கும் நாற்பது ஒலிகள். எதையும் மைக் வைத்துப் பிடிக்கவில்லை. கிரைண்டர் அணைந்த பிறகு கல் தன் போக்கில் சுற்றும் கடைசிச் சுற்று, லேத் பட்டறையில் பெல்ட் தளர்வது, ஆஸ்பத்திரி வாசலில் சைரனைப் பாதியில் நிறுத்துவது என்று ஒவ்வொன்றையும் ஒன்றுமில்லாத ஓர் அலையிலிருந்து இழைத்து எடுத்திருந்தாள். இது இலவசமாகப் போனால் நாளைக்கு ஏதோ ஒரு சோப்பு விளம்பரத்தில் அந்தச் சைரன் கேட்கும். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது ஆள் காதுக்குப் பின்னால் மரத்துப்போக வைக்கும் களிம்பு தடவியிருந்தான் என்று அவள் சந்தேகப்பட்டாள். அதனால் பத்தாவது கேட்பு நேரில் நடக்க வேண்டும் என்று சந்தையிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். நேர்க் கேட்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாங்குபவர் விற்பவர் இருவருமே பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அறையில் தில்லுமுல்லு நடந்தால் ஒருவர் உடம்பு மறைத்தாலும் இன்னொருவர் உடம்பு காட்டிக்கொடுக்கும். சிலிர்த்துவிட்டால் வாங்கியே தீர வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்பது கிடையாது.

அடுத்த நாள் காலை பத்தரைக்குத் திருமூர்த்தி வந்தார். அறுபத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை. செருப்பை வாசலில் ஜோடியாக, சுவரோடு ஒட்டி வைத்தார். கையில் நூல் கோத்துக் கட்டிய ஒரு கத்தைக் காகிதம்.

“வாங் சார். காபி குடிக்கறீங்ளா?”

“கேட்பு முடியட்டுமுங் அம்மிணி. மொதல்லயே காபி வாங்கிக் குடிச்சா தப்பாப் பேசுவாங்.”

“அதென்னங் சார், கையில?”

“சந்தையோட விதிமுறைங். பதினோரு பக்கம். ஒத்துக்கறேன்னு அமுக்கறோமுல்லங், அதுக்கு மேல இருக்கறது.”

“அத யாராச்சும் படிப்பாங்ளா?”

“நான் படிச்சனுங்.”

மெத்தை போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் காதுக்குப் பின்னால் பொட்டு ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் மேசை. மேசை மேல் சந்தை அனுப்பியிருந்த, டபரா அளவுள்ள கருவி. அதில் இரண்டு எண்கள்: கேட்பவர் சைபர், விற்பவர் சைபர்.

கனிஷ்கா முதல் ஒலியை அமுக்கினாள். கிரைண்டர் அணைந்தது. கல் இன்னும் ஒரு சுற்று வரப் பார்த்து, முடியாமல், மாவுக்குள் சாய்ந்தது.

சைபர்.

“நல்லாருக்குதுங்,” என்றார் அவர். ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறது என்று சொல்வது போல இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. டேபிள் ஃபேன், மிக்ஸி, லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் அவர் காகிதத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். பத்தாவது ஒலிக்குப் பிறகு கனிஷ்கா கொஞ்சம் தில்லுமுல்லு செய்து பார்த்தாள்.

“சார், பென்சனையெல்லாம் திருப்பிக் கணக்குப் போடப் போறாங்களாமே. நிசமாங்?”

“போட்டா போடட்டுமுங்.”

சைபர்.

“இந்த வூட்ல முன்ன குடியிருந்தவரு இதே ரூம்லதான் தூக்கு மாட்டிக்கிட்டாருங்.”

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். காங்கிரீட் தளம். கொக்கிகூட இல்லை. “எதுலங்?” என்றார்.

சைபர். கனிஷ்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஒலிக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இருபத்தாறாவதுதான் சைரன். அவள் நம்பியிருந்ததே அதைத்தான். வேகமாக வந்துகொண்டிருக்கும் ஒன்று, இனி வேகம் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்ததும் பாதிச் சுரத்தில் அறுந்து நிற்கும். நர்சிங் படித்த பெண் அழுதது இதன் பழைய வடிவத்துக்குத்தான்.

திருமூர்த்தி டிக் போட்டார். பிறகு கருவியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அம்மிணி, தப்பா நெனைக்காதீங். உங்க நம்பரும் சைபருங்.”

அவள் பார்த்தாள். முதலிலிருந்தே அது சைபர்தான். அவள்தான் கவனிக்கவில்லை.

“நான் இத அஞ்சாயிரம் தடவ கேட்டிருப்பேனுங் சார்.”

“அதாங். மொதல் மனு இன்னும் கண்ணுலயே நிக்குதுங். ஒரு அம்மா, காணாமப் போன பொண்ணு. ராத்திரிக்குச் சோறு எறங்கல. நூறாவது மனுவுல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்னா, மூணாம் பக்கத்துல கையெழுத்து இல்ல, அது மட்டுந்தான் ஞாபகம். நான் கல்லு இல்லீங். கல்லா இருந்தாத்தான் அன்னைக்கு எரநூறு பேருகிட்ட வாங்க முடியும். பத்தாவது ஆளுக்காக அழுதுட்டு ஒக்காந்தா, பதினோராவது ஆளு வெயில்ல நிப்பானுங்.”

“இப்ப எனக்குப் பின்னால வெயில்ல யாரும் நிக்கலீங்களே சார்.”

“பழகிருச்சுங்,” என்றார் அவர். “அடுத்தது போடுங்.”

முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. மோட்டார் ரூமில் பம்ப் நின்றது. பஸ் ஸ்டாண்டில் கடைசி இன்ஜின் அணைந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால் கருவியைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவளுடைய உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. ‘தயவு செஞ்சு’ என்று அவள் சொல்லவில்லை, ஆனால் சாய்ந்திருந்த தோள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் அந்தச் சாய்வைப் பார்த்த மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா?

முப்பத்தொன்பதாவது ஒலியும் நின்றது. சைபர்.

கனிஷ்கா நாற்பதாவதை அமுக்கவில்லை. விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது, பிறகு மடிக்கு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தோற்றுப்போனது துக்கமாகக்கூட இல்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்த துண்டு ஒன்று அசையாமல் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். அது தன்னுடைய துண்டு என்பதும், அதை இன்னும் மடித்து வைக்கவில்லை என்பதும் மட்டும் நினைவில் வந்து போயின. அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கருவியையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. எதிரே ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து தனக்கு எதுவும் ஆக வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

அறை நின்றுபோய்விட்டது.

கருவி ஒரு தடவை கூவியது.

அவள் திரும்பிப் பார்த்தபோது திருமூர்த்தி தன் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரை மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. யாரோ ஒருவருடைய சான்றிதழைத் தவறுதலாகத் தன்னிடம் கொடுத்துவிட்டது போல அவர் அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கருவியில் எண் தொண்ணூற்றாறு. கீழே: “ஒலி 39-க்கும் 40-க்கும் இடைப்பட்ட பதினாறு வினாடி. கேட்பவருக்கு விலை: ரூ. 3,12,000.”

“என்னங் சார் ஆச்சு?” என்றாள் கனிஷ்கா, மெதுவாக.

“ஒண்ணுமில்லீங்.” தொண்டையைச் செருமப் போனவர், கருவியைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். “எனக்கு எதிர்ல ஒக்காந்து ஒண்ணுமே கேக்காம இருந்த ஆள நான் பாத்ததில்லீங்.”

ஆனால் முப்பத்திரண்டு வருட அனுபவம் அப்படி உடனே கைவிட்டுவிடுமா? விதிமுறைக் கத்தையை எடுத்துப் பக்கம் புரட்டினார்.

“பதினாலாம் விதிங். ‘நேர்க் கேட்பின்போது அறையில் ஒருவர் எழுப்பும் எந்த ஒலியும் அவருடைய சரக்கு. மற்றவருக்குச் சிலிர்த்தால் மற்றவர் விலை தர வேண்டும்.’ இருமலு, தும்மலு எல்லாம் சேத்தித்தானுங். அதனாலதான் நான் இருமாம ஒக்காந்திருந்தேன். ஆனா இது யாருமே எழுப்பாத ஒலிங். இதுக்கு ஓனர் யாரு?”

“நீங்களே சந்தையக் கேளுங் சார்.”

கருவியில் கேட்டார். பதில் வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒலி எழுப்ப வேண்டிய இடத்தில் விற்பவர் எழுப்பவில்லை. ஆகவே மௌனம் விற்பவருடையது. தொகுப்பின் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பத்தாவது கேட்பில் சிலிர்ப்பு பதிவாகியிருப்பதால் “நின்ற பிறகு” தொடர்ந்து விலையுள்ள சரக்கு.

கனிஷ்கா அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை கண் மறைத்தது. சைரன் சோப்பு விளம்பரத்துக்குப் போகாது.

திருமூர்த்தி சென்னைக்குப் போன் போட்டு, பணம் கட்டச் சொன்னார். குரூப் தலைவரின் குரல் மேசை வரை கேட்டது.

“சந்தை அனுப்புன அந்தப் பதினாறு வினாடிய இங்க நாங்களும் போட்டுக் கேட்டோம் சார். எங்க எல்லாருக்கும் சைபர் ரூபா, ஃப்ரீயா வந்துச்சு. உங்களுக்கு மட்டும் மூணு லட்சம்னா நாங்க என்ன பண்றது? சத்தமே இல்லாததுக்கு ஒரு பில்லா? எங்களால ஆகாது.”

போன் அணைந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தடவை தட்டிக்கொண்டார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

“இருபத்தேழாம் விதிங். விலை தாங்காதவரு விற்பவருக்கு எழுத்து மூலமா மனு குடுக்கலாமுங். விற்பவரு பாத்து, தன் வாயால ஒரு விலை சொல்லலாம். வெள்ளப் பேப்பர் இருக்குதுங்ளா அம்மிணி?”

அவள் ஒரு காகிதம் கொடுத்தாள். அவர் ஸ்டூலை மேசைக்கு இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அனுப்புநர், பெறுநர் வரை மளமளவென்று போனது. அதற்கப்புறம் பேனா நின்றது.

“என்னங் சார்?”

“லட்சக்கணக்குல மனு வாங்கியிருக்கேனுங். ஒண்ணுகூட எழுதுனதில்ல.” வழுக்கையைத் தடவிக்கொண்டார். “வாங்கறவனுக்கு இது இம்புட்டு நேரமாகும்னு தெரியறதில்லீங்.”

பத்து நிமிடம் எழுதினார். கொடுக்கும்போது எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்படித்தான் கொடுப்பது என்று அவர் பார்த்திருக்கிறார் போல.

‘மேற்படி பதினாறு வினாடி மௌனம் மனுதாரருக்குச் சிலிர்க்கும் என்று மனுதாரருக்கு முன்கூட்டித் தெரியாது. மனுதாரர் ஓய்வூதியர். மனுதாரருக்கு இது போல் இதற்கு முன் நேர்ந்ததில்லை, இனி நேரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆகவே மேற்படி மௌனத்தைத் திருப்பித் தர மனுதாரருக்கு விருப்பமில்லை. விலையை மட்டும் குறைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கனிஷ்கா காகிதத்தைக் கீழே வைத்தாள். இப்போது அவள் ஒரு விலை சொல்ல வேண்டும். அவள் வாயால்.

ஆறு வருடமாக அவள் எதற்கும் விலை சொன்னதில்லை. நாக்கில் எந்த எண்ணும் வரவில்லை. பழைய நாள்களின் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் வேறு யாருடைய போன் நம்பரோ போலத் தோன்றின. பதினாறு வினாடிக்கு என்ன போடுவது? வினாடிக்கு இவ்வளவு என்றா? இவர் முகத்துக்கு இவ்வளவு என்றா? அதிகம் சொன்னால் கிழவர் நொடிந்துபோய்விடுவார். குறைத்துச் சொன்னால் மட்டமான மௌனம் என்று நினைப்பார். இந்தத் தவிப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

“ஆயிரத்தி ஐநூறு ரூபாய்ங் சார்,” என்றாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது.

திருமூர்த்தி யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“ஆயிரமாப் போட்டுக்குங் அம்மிணி.”

கழுத்தில் தொடங்கியது. முதுகு வழியாக இறங்கி, தோள்களுக்குப் பிரிந்து, இரண்டு கைகளிலும் விரல் நுனி வரை ஓடியது. எத்தனை வருடமாயிற்று, ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசி! அவளுடைய சரக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டு, அவள் சொன்னதைக் காதில் வாங்கி, அது அதிகம் என்று நினைத்து, அதை அவளிடமே சொல்லி.

கருவி கூவியது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இந்த முறை ஏறியிருந்தது மற்ற எண். விற்பவர்: எண்பத்தெட்டு. கீழே: “கேட்பவர் எழுப்பிய ஒலி, இரண்டு வினாடி. விற்பவருக்கு விலை: ரூ. 1,90,000.”

“இதென்னங் சார் அநியாயம்!”

“பதினாலாம் விதிங்.” திருமூர்த்தி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணைச் சரிபார்த்தார். முகத்தில் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு போல ஒன்று வந்து, உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. “நான் எழுப்புன சத்தம், என்ற சரக்குங்.”

கனிஷ்கா அவரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடியோடு சேர்த்து, மேசை மேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

“பெறுநர்னு போட்டு என்ற பேர எழுதுங்,” என்றார். “அவசரமில்லீங். நான் ஒக்காந்திருக்கறேன்.”